கூடத்தில் விடுபட்ட இடம்

வேலைக்கு ஒரு விஆர் ஹெட்செட் வாங்கப் போகிறேன், கேமரா வைத்தது நல்லதா, கம்பி வைத்தது நல்லதா என்று கேட்டீர்கள். சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் எனக்கு நடந்த ஒன்றைக் கேட்டுவிடுங்கள். கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் நிச்சயம் சிரித்திருப்பேன். இருபது வருடமாக வீட்டு ப்ளான் போடுகிறவன் நான், டேப்பை இழுத்துப் பிடித்தால் வருகிற அளவைத் தவிர வேறு எதையும் நம்பிப் பழக்கமில்லை. வாஸ்து பார்க்க வருகிறவர்களோடு நான் போட்ட சண்டை நன்னிலம் பக்கம் பாதிப் பேருக்குத் தெரியும். சுடுகாட்டை ஒட்டிய மனை ஒன்றை அளக்க மற்றவர்கள் தயங்கியபோது நான்தான் போய் அளந்துவிட்டு, அங்கேயே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு வந்தேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இனிமேல் சொல்லப்போவதைச் சொல்கிறவன் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் ஆபீஸ் கூத்தாநல்லூரில் இருக்கிறது. என்னிடம் வீடு கட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டில் வேலை பார்க்கிற பாய்மார்கள். அங்கே ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்துக்கொண்டு, இங்கே எழும்பப் போகிற வீட்டின் ப்ளானை போனில் பார்ப்பார்கள். 'சரி சார், நல்லாருக்கு' என்பார்கள். வீடு முடிந்து லீவில் வந்து சமையலறையில் நின்றுகொண்டு, 'இவ்வளவு சின்னதா சார்?' என்பார்கள். பத்துக்கு எட்டு என்று ப்ளானில் போட்டிருந்ததைத்தான் நானும் கட்டியிருப்பேன், ஆனால் பத்தடி என்றால் எவ்வளவு என்பதைக் காகிதம் சொல்லாது. பூசிய ஈரம் காயாத சுவரை உடைக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். அதனால்தான், கண்ணை மறைத்து மாட்டிக்கொண்டு, கட்டாத வீட்டுக்குள் நடந்து பார்க்க வைக்கிற அந்தக் கருவியை வாங்குவது என்று முடிவு செய்தேன்.

தஞ்சாவூரில் தெரிந்த ஒருவர் இரண்டு ஹெட்செட்டைக் கொடுத்து, ஒரு வாரம் வைத்திருந்து எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒன்று கம்பி வைத்தது. கம்ப்யூட்டரோடு இணைத்துத்தான் ஓடும், சுற்றிலும் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, நாமே கையில் பிடிக்கிற ரிமோட் மாதிரி ஒன்றோடு அறையைச் சுற்றி நடந்து, இதற்குள்தான் நடப்பேன் என்று எல்லை காட்ட வேண்டும். இன்னொன்று தனியாக ஓடும். அதன் முன்பக்கம் சின்னச் சின்ன கேமராக்கள் இருக்கும். மாட்டிக்கொண்டு அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தால் போதும், நாற்காலி, பீரோ என்று தடுக்கிற சாமான்களை விட்டுவிட்டு, நடக்கக்கூடிய தரையை மட்டும் நீலக் கோடு போட்டு அதுவே காட்டும். நடுவில் குழந்தையோ நாயோ குறுக்கே வந்துவிட்டால், சாம்பல் நிறப் புள்ளிகளால் அந்த உருவத்தை மட்டும் காட்டி எச்சரிக்கும். இந்த இரண்டாவதுதான் எனக்குப் பிடித்திருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் நஜீம் பாய் ஷார்ஜாவிலிருந்து வந்திருந்தார். அவருடைய அத்தா, அதாவது அப்பா, இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, அதற்குப் பிறகு அவர் ஊருக்கு வருவது அதுதான் முதல் தடவை. மனைவி மக்கள் எல்லாம் அங்கேயே இருக்கிறார்கள். இங்கே பழைய வீட்டில் அவருடைய அக்கா மைமூன் மட்டும் தனியாக இருக்கிறார்கள், கணவர் இறந்த பிறகு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டவர்கள். பழைய வீட்டை மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது பாயின் எண்ணம். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அத்தா பெயரில் இருந்து இப்போது இருவருக்கும் பொதுவாக வந்த வீடு, அக்கா கையெழுத்துப் போடாமல் ஒரு செங்கல்லைத் தொட முடியாது. லீவு முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

அக்காவும் தம்பியும் நேராகப் பேசிக்கொள்ளாததை முதல் நாளே கவனித்தேன். 'நமக்கு டீ வேணும்னு அவங்ககிட்ட சொல்லுங்க சார்' என்று பாய் என்னிடம் சொல்வார். காரணம் அவர் வாயாலேயே தெரிந்தது. அத்தா இறந்த அன்று இவர் டிக்கெட் எடுத்துவிட்டார். ஆனால் பகலில் ஊருக்கு போன் செய்தபோது எடுத்த சொந்தக்காரர் ஒருவர், ஜமாஅத்தில் முடிவாகிவிட்டது, மதிய லுஹர் தொழுகையோடு எடுத்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார். இனிப் போய் என்ன என்று இவர் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, போனையும் அணைத்துவிட்டு, இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அத்தாவின் முகத்தை போன் திரையில்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு ராத்திரி வச்சிருந்தா என்ன சார் ஆயிருக்கும்? லாத்தா நெனச்சிருந்தா வச்சிருக்கலாம். பெத்த புள்ளைக்கு மொகத்தக் காட்டாம எடுத்துட்டாங்க. அந்த வீடே எனக்கு வேணாம் சார், இடிச்சிருங்க."

லாத்தா என்றால் அவர்கள் பக்கம் அக்கா. இதிலெல்லாம் தலையிட நான் யார்.

முதலில் கம்பி வைத்த ஹெட்செட்டைத்தான் அந்த வீட்டில் போட்டுப் பார்த்தோம். பழைய வீட்டின் கூடம் பெரியது, சாமான்களை ஒதுக்கியபின் நடக்கத் தாராளமாக இடம் இருந்தது. புது வீட்டின் ஹால் அதே இடத்தில் வருகிற மாதிரி வரைந்திருந்தேன், அதனால் பழைய கூடத்தில் ஓர் அடி வைத்தால் புது ஹாலிலும் ஓர் அடி. பாய் மாட்டிக்கொண்டு நடந்தார், கம்பி காலில் சுற்றியது, ஐந்தாவது நிமிடம் கரண்ட் போய் எல்லாம் அணைந்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டதற்கு, "முக்காட்ட எடுத்துட்டு அத மாட்டிக்கிட்டு நான் எங்க சார் போய் முட்டிக்கிறது" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்கள். இந்தக் கம்பியே வேண்டாம், நாளைக்குக் கேமரா வைத்ததைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று இன்னொன்றையும் கவனித்தேன், அப்போது பெரிதாக நினைக்கவில்லை. அக்கா சமையல்கட்டிலிருந்து வாசலுக்குப் போகும்போது கூடத்தின் நடுவே நேராகப் போகவில்லை. சுவரை ஒட்டியே சுற்றிப் போனார்கள், சாமான்களை ஒதுக்கி வெறும் தரையாகக் கிடந்தபோதும். பழைய சிவப்பு சிமெண்ட் தரை அது. எல்லா இடத்திலும் கால் பட்டு மங்கியிருந்தது, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் பளபளப்பு இருந்தது.

மறுநாள் லுஹர் தொழுகை முடிந்து பாய் வந்தபிறகு, மூன்று மணி இருக்கும், நல்ல வெயில், ஜன்னலெல்லாம் திறந்திருந்தது, நான் கேமரா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். தரை முழுவதும் நீலக் கோடு ஓடியது. நடுவில் ஒரு நீளச் சதுரத்தை மட்டும் விட்டுவிட்டது. அங்கே ஏதோ சாமான் இருக்கிறதாம். கழற்றிப் பார்த்தால் வெறும் தரை. அழித்துவிட்டு மறுபடி பார்த்தேன், அதே இடத்தை விட்டது. தரை பளபளக்கிறது, கேமரா ஏமாறுகிறது என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன், லைட்டைப் போட்டேன், மூலைக்கு மூலை நின்று பார்த்தேன். நான்காவது தடவையும் அதே. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் எதுவும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே குனிந்து, அது விட்ட இடத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டு, டேப்பை எடுத்து அளந்தேன். ஆறடி நீளம், இரண்டடி அகலம். வடக்கு தெற்காக இருந்தது. டைரியில் குறித்துக்கொண்டேன், தஞ்சாவூர்க்காரரிடம் கோளாறு என்று சொல்ல வேண்டுமே.

தானாக எல்லை எடுப்பதை நிறுத்திவிட்டு நானே கையால் எல்லை வரைந்து, பாய்க்கு மாட்டிவிட்டேன். அவர் கண்ணுக்குத் தெரிவது என் லேப்டாப்பிலும் தெரியும். ஷார்ஜாவில் இருக்கிற அவர் மனைவிக்கு அனுப்பலாம் என்று ரெக்கார்டும் போட்டேன். பாய் புது வீட்டின் வாசலில் நுழைந்தார், 'நல்லாருக்கு சார், வெளிச்சமா இருக்கு' என்றார். ஹாலுக்குள் இரண்டு அடி வைத்தவர் நின்றுவிட்டார்.

"சார், இங்க யாரையும் படுக்க வச்ச மாதிரி வரஞ்சிருக்கீங்களா?"

"இல்லையே பாய்."

"நடு ஹால்ல யாரோ படுத்திருக்காங்க சார்."

லேப்டாப்பைப் பார்த்தேன். நான் வரைந்த வெள்ளை மார்பிள் தரையில், சாம்பல் புள்ளிகளால் ஆன ஓர் உருவம் நீட்டிக் கிடந்தது. எல்லைக்குள் ஆள் வந்தால் இப்படித்தான் காட்டும் என்று சொன்னேன் இல்லையா, அதே மாதிரி. போர்த்திய துணிக்குள் கால், வயிறு, தலை இருந்தால் எப்படி மேடு தட்டுமோ அப்படி. நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தேன், என் சாக்பீஸ் கோட்டைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. பயம் வந்தது அப்போதுதான். கோளாறு பாய், கழற்றிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

டீ கொண்டுவந்த மைமூன் அக்கா சமையல்கட்டு நிலையிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். லேப்டாப் அவர்கள் பக்கம் இல்லை, அவர்கள் பார்த்தது என் சாக்பீஸ் கோட்டைத்தான்.

"தல எந்தப் பக்கம் தம்பி இருக்கு?" என்று கேட்டார்கள். இரண்டு வருடத்தில் தம்பியிடம் நேராகக் கேட்ட முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"வடக்க," என்றார் பாய்.

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். "அங்கதான் அத்தாவ கெடத்தியிருந்தோம்."

"லுஹர் வரைக்கும்," என்றார் பாய். குரலில் அந்தப் பழைய கோபம் அப்படியே இருந்தது.

"லுஹர் வரைக்கும் இல்ல. இஷா வரைக்கும்."

இஷா என்பது அவர்களுடைய கடைசித் தொழுகை, இரவு எட்டு மணிக்கு மேல் ஆகிவிடும். அத்தா இறந்தது விடிவதற்கு முன்னால். மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, காக்க வைக்கக் கூடாது, சீக்கிரம் அடக்கிவிட வேண்டும் என்பது அவர்களிடத்தில் ரொம்பக் கண்டிப்பு. லுஹருக்கு எடுக்க ஆட்கள் வந்தபோது அக்கா குறுக்கே நின்றிருக்கிறார்கள், தம்பி ப்ளைட்டில் வந்துகொண்டிருக்கிறான் என்று. டிக்கெட்டை ரத்து செய்தது அவர்களுக்குத் தெரியாது. சாயங்காலம் அஸருக்கு வந்தார்கள், அப்போதும் விடவில்லை. பொழுது சாய்ந்து மஃரிபுக்கும் விடவில்லை. தம்பிக்கு போன் மேல் போன் போட்டிருக்கிறார்கள், அணைந்தே இருந்திருக்கிறது. பெரியவர்கள் எல்லாம் திட்டி, 'மய்யித்துக்கு வேதனை கொடுக்காதம்மா' என்று சொன்ன பிறகு இஷாவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

"ஏன் லாத்தா எங்கிட்ட சொல்லல?"

"எப்புடிச் சொல்றது? ஒனக்குன்னு நெனச்சி அத்தாவ நாளெல்லாம் காக்க வச்சிட்டேன். அது நான் செஞ்ச பாவம். ஒங்கிட்ட சொன்னா, ஒன்னால செஞ்சதா ஆயிரும், அந்தப் பாவம் ஒன்னையும் சேந்துரும். யாரும் சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சி வச்சேன். அன்னையிலேருந்து அந்த எடத்த நான் மிதிக்கல தம்பி. அவங்க இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்களோன்னு எனக்கு ஒரு பயம்."

பாய் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. மெதுவாக நடந்து, வாசல் பக்கம், அதாவது அந்த இடத்துக்குக் கிழக்கே போய், மண்டி போட்டு உட்கார்ந்தார். கையை நீட்டினார். கை வெறும் தரையில்தான் பட்டது, நான் பார்த்தேன். தொட்ட இடத்திலேயே கையை வைத்துக்கொண்டார். எனக்கு இதைப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. லேப்டாப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். போகும்போது 'அத்தா, வந்துட்டேன்' என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அதற்கு மேல் என்ன பேசினார் என்று தெரியாது. ரொம்ப நேரம் பேசினார். தெருவில் வைக்கோல் ஏற்றிய வண்டி ஒன்று போனது, நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்று அழுதேன். அதை ஏன் மறைக்க வேண்டும், அழத்தான் செய்தேன்.

அஸருக்கு பாங்கு சொன்ன பிறகுதான் அவர் கழற்றினார். கண்ணை மூடுகிற அந்தப் பஞ்சு முழுக்க ஈரமாகியிருந்தது. என் கையில் கொடுத்துவிட்டு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஆறிப்போன டீயை இருவரும் குடித்தார்கள். நான் சாமானைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக யாரும் மிதிக்காததால் அந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது, அதைத்தான் கேமரா சாமான் என்று நினைத்துக்கொண்டது. நானும் ராத்திரி முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அதனால்தான் மறுநாள் காலையில் மறுபடி அங்கே போனேன். தரை துடைத்திருந்தார்கள், என் சாக்பீஸ் கோடு இல்லை, பளபளப்பு அப்படியே இருந்தது. அதே நேரத்து வெயில் வேண்டும் என்று மூன்று மணி வரை காத்திருந்து ஹெட்செட்டை மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். நீலக் கோடு சுவரிலிருந்து சுவர் வரை ஓடியது. ஓர் அங்குலம்கூட விடவில்லை. மூன்று தடவை பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மைமூன் அக்கா ஜன்னலைச் சாத்த கூடத்தின் நடுவே நேராக நடந்து போனார்கள். நான் அவர்களிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டை இடிக்கவில்லை. கூடத்தை அப்படியே வைத்துக்கொண்டு பின்பக்கம் இரண்டு அறையும் சமையல்கட்டும் கட்டினோம். அக்கா தாராளமாகக் கையெழுத்துப் போட்டார்கள். இத்தோடு முடிந்திருந்தால் நல்ல விஷயம் என்று நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஷார்ஜாவிலிருந்து பாய் கூப்பிட்டார். ஜன்னல் கிரில் பற்றிப் பேசினார், பெயிண்ட் பற்றிப் பேசினார், போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தபோது சொன்னார்.

"சார், மய்யித்துக்கு மொகத்த மேற்க திருப்பி வப்பாங்க, கிப்லா பக்கம், மக்காவ பாக்குற மாதிரி. நான் மொதல்ல உள்ள நொழைஞ்சப்ப மேற்கதான் இருந்துச்சு, மூக்கு மேடு எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. நான் கெழக்க ஒக்காந்துதானே பேசினேன். பேசி முடிச்சிட்டு எந்திரிக்கறப்ப பாத்தேன் சார். மொகம் எம் பக்கம் இருந்துச்சு."

நான் எழுந்து போய் ஆபீஸ் கதவைச் சாத்தினேன்.

"லாத்தாகிட்ட சொல்லல. பயந்துக்கும். நீங்க அன்னைக்கி ரெக்கார்டு போட்டீங்கல்ல, அத ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க சார். நான் அழுதுக்கிட்டு இருந்தேன், கண்ணு கலங்கித் தப்பாக்கூடப் பாத்திருக்கலாம்."

அழிந்துவிட்டது பாய் என்று சொல்லிவிட்டேன். வேலை விஷயத்தில் யாரிடமும் பொய் சொன்னவன் இல்லை நான், அன்றைக்குச் சொன்னேன். அவர், பரவாயில்லை சார் என்று வைத்துவிட்டார்.

அந்தக் கேமரா ஹெட்செட்டை, பார்க்கக் கொடுத்த அந்த ஒரு வாரம் முடிந்ததுமே தஞ்சாவூருக்குத் திருப்பிக் கொடுத்திருந்தேன். கம்பி வைத்ததைத்தான் வாங்கினேன், கரண்ட் போகுமே என்று கூடவே ஒரு யுபிஎஸ்ஸும். கம்பி காலில் சுற்றத்தான் செய்கிறது. நீங்கள் கேட்டதற்குப் பதில் அதுதான், கம்பி வைத்ததையே வாங்குங்கள். நாம் காட்டுகிற எல்லைக்குள் நாம் வரைந்ததை மட்டும் அது காட்டும்.

ஆனால் ரெக்கார்டு இருக்கிறது. நஜீம் பாய் வீட்டு ப்ளான் இருக்கிற போல்டரிலேயே இருக்கிறது. அழிக்கவும் மனம் வரவில்லை, திறக்கவும் தைரியம் வரவில்லை. இருபது வருடமாக எதையும் அளந்து பார்க்காமல் விட்டதில்லை, இதற்கு ஒரு நிமிடம் போதும், கடைசிக்குத் தள்ளிவிட்டுப் பார்த்தால் முகம் மேற்கா கிழக்கா என்று தெரிந்துவிடும். அந்த போல்டரைத் திறக்கும்போதெல்லாம் வரிசையின் நடுவில் அது சின்னப் படமாகத் தெரிகிறது, வெள்ளைத் தரையில் சாம்பல் நிறத்தில் நீளமாக ஏதோ ஒன்று. எனக்கு வேண்டிய ப்ளான் அதற்கு அந்தப் பக்கம் இருக்கும். மைமூன் அக்கா சுவரை ஒட்டிப் போவார்களே, அதே மாதிரி ஓரமாகவே கண்ணைக் கொண்டுபோய் எடுத்துக்கொள்கிறேன்.